சுருளின் நீளம், ஏட்டின் கணக்கு: எழுதுபொருள் வேதாகமத்துக்குக் கொடுத்த உருவம்

லூக்கா நற்செய்தியும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஒரே ஆசிரியர் எழுதியவை. இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை. நடபடிகளின் முதல் வரியே முந்தைய புத்தகத்தைச் சுட்டித்தான் தொடங்குகிறது. தொடர்ந்து செல்லும் ஒரே வரலாற்றை ஏன் இரண்டாக வெட்ட வேண்டும்? இயேசுவின் காலம் ஒன்று, சபையின் காலம் இன்னொன்று என்று இறையியல் காரணம் சொல்லலாம்; சொல்லியும் இருக்கிறார்கள். அதற்கு முன் ஓர் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. கிரேக்கத்தில் லூக்கா ஏறத்தாழ 19,400 சொற்கள். நடபடிகள் 18,400. மத்தேயு 18,300. புதிய ஏற்பாட்டின் மிக நீளமான மூன்று நூல்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பாப்பிரஸ் சுருள் கைக்கு அடங்கும் எல்லையும் அந்த இடம்தான்.

பாப்பிரஸ் என்பது நைல் நதியின் சதுப்பில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஒரு கோரை. தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெண்ணிறச் சோற்றை மெல்லிய நாடாக்களாகச் சீவுவார்கள். ஓர் அடுக்கு நெட்டாக, அதன்மேல் இன்னோர் அடுக்கு குறுக்காக வைத்து அழுத்திக் காய வைத்தால், தண்டின் சாறே பசையாகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இப்படிச் செய்த தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டினால் சுருள். கடையில் விற்ற ஒரு சுருளில் 20 தாள்களுக்கு மேல் இருந்ததில்லை என்று ரோம எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். நீளமான நூலுக்கு இன்னொரு சுருளை ஒட்டி நீட்டலாம். நீட்டுவது எளிது, பிடித்துப் படிப்பதுதான் பாடு. வலக்கையால் விரித்து இடக்கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். முடித்ததும் அடுத்தவருக்காக முழுவதையும் திருப்பிச் சுருட்டி வைக்க வேண்டும்.

லூக்காவுக்கு எவ்வளவு நீளம் பிடிக்கும் என்று போட்டுப் பார்க்கலாம். மொத்தம் ஏறத்தாழ 95,000 எழுத்துகள். ஒரு பத்திக்கு 36 வரி, வரிக்கு 22 எழுத்து என்று வைத்தால் பத்திக்கு 792 எழுத்து; ஆக 120 பத்திகள். ஆறு சென்டிமீட்டர் அகலப் பத்தி, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 960 சென்டிமீட்டர். பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அக்காலத்து உரைநடைச் சுருள்கள் பெரும்பாலும் 6 முதல் 10 மீட்டருக்குள் நின்றவை. நடபடிகளையும் சேர்த்து ஒரே சுருளில் எழுதியிருந்தால் 19 மீட்டரைத் தொட்டிருக்கும். அதை யாரும் மடியில் வைத்துப் படிக்க முடியாது. இதே கணக்கில் புதிய ஏற்பாடு முழுவதும், அதாவது ஏறத்தாழ 1,38,000 சொற்களும், 68 மீட்டர் வரும். சுருள் காலத்தில் 'புதிய ஏற்பாடு' என்ற ஒற்றைப் பொருளைக் கையில் எடுக்க வழியே இல்லை. இருந்தது ஒரு பெட்டி நிறையச் சுருள்கள்.

பழைய ஏற்பாட்டிலும் இதே வெட்டுத் தழும்புகள் உண்டு. சாமுவேல் எபிரெயத்தில் ஒரே நூல். இராஜாக்கள் ஒரே நூல். நாளாகமம் ஒரே நூல். எபிரெய எழுத்தில் மெய்யெழுத்துகளே முதன்மை. உயிரொலிகளில் பெரும்பாலானவை எழுதப்படுவதில்லை. கிரேக்கத்தில் உயிரெழுத்து ஒவ்வொன்றையும் எழுதியாக வேண்டும். மொழிபெயர்த்ததும் நூல் வீங்கியது. ஒரு சுருளில் அடங்காமல் இரண்டானது. 1 சாமுவேல், 2 சாமுவேல் என்ற பிரிவு இன்றுவரை நம்மிடம் இருப்பதன் பின்னணி அதுதான். எதிர்த்திசையிலும் நடந்தது: ஓசியா முதல் மல்கியா வரையுள்ள பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளையும் தனித்தனிச் சுருளில் வைத்தால் குட்டிக் குட்டியாகத் தொலைந்துபோகும் என்பதால் ஒரே சுருளில் சேர்த்தார்கள். சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள் இந்த அளவுகளுக்கு நல்ல சாட்சி: 17 தோல்துண்டுகளைத் தைத்தது, 54 பத்திகள், நீளம் 7.34 மீட்டர்.

சுருளுக்கு முகவரி கிடையாது. பக்க எண் இல்லை. அதிகாரமும் வசனமும் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் எண்ணும் வசனங்கள் 1551இல் ரொபேர் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பில் வந்தவை. அதற்கு முன் ஓர் இடத்தைச் சுட்ட வேண்டுமானால் அதில் வரும் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். மாற்கு 12:26இல் இயேசு யாத்திராகமத்தைச் சுட்டுவது 'முட்செடியைப் பற்றிய இடம்' என்றுதான். ரோமர் 11:2இல் பவுல் 'எலியாவைப் பற்றிய இடம்' என்கிறார். ஏழு மீட்டர் சுருளில் ஒரு வரியைச் சரிபார்க்க உட்காருவதைவிட நினைவிலிருந்து சொல்வது எளிது. அல்லது முக்கிய மேற்கோள்களை மட்டும் திரட்டி வைத்த சிறு தொகுப்பைப் பார்ப்பது எளிது. அப்படிப்பட்ட ஒரு தொகுப்பும் கும்ரானில் கிடைத்திருக்கிறது. மாற்கு 1:2இல் இந்தப் பழக்கத்தின் தடயம் தெரிகிறது. பழைய படிகளில் 'ஏசாயா தீர்க்கதரிசியில் எழுதியிருக்கிறபடி' என்று தொடங்கி, முதலில் வருவது மல்கியாவின் வரி. அதன் பிறகுதான் ஏசாயா. பின்னால் வந்த எழுத்தர்களுக்கு இது உறுத்தியது. 'தீர்க்கதரிசிகளில்' என்று பொதுவாக்கிவிட்டார்கள். பழைய திருப்புதல் எனப்படும் நம் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் 'தீர்க்கதரிசன ஆகமங்களில்' என்று இருப்பது இந்தத் திருத்திய பாடத்தின் வழி வந்தது.

கடிதங்களின் அளவு வேறு கணக்கு. எகிப்திய மணலில் கிடைத்த சாதாரண மனிதர்களின் பாப்பிரஸ் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே தாளில் முடிபவை. 2 யோவான் சுமார் 245 சொற்கள், 3 யோவான் சுமார் 219. இரண்டும் ஒரு தாளுக்குள் அடங்குபவை. இரண்டின் முடிவிலும் ஏறக்குறைய ஒரே பேச்சு: எழுத நிறைய இருக்கிறது, தாளும் மையும் கொண்டு எழுத விருப்பமில்லை, நேரில் வந்து பேசுகிறேன். அதை மரியாதைப் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளலாம். தாளின் அடிவிளிம்பு நெருங்கிவிட்டதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த அளவோடு ஒப்பிட்டால் பவுலின் ரோமர் ஓர் அசுரன்: ஏறத்தாழ 7,100 சொற்கள். இதை அவர் தன் கையால் எழுதவில்லை. எழுதியவர் பெயர் தெர்தியு. 16:22இல் அவரே குறுக்கே வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். கலாத்தியரின் முடிவில் பவுல் நாணல் பேனாவை வாங்கி, பெரிய பெரிய எழுத்துகளில் தானே எழுதுவதாகச் சொல்கிறார். பழகிய எழுத்தரின் நுண்ணிய கையெழுத்துக்கு அடியில் அது துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும்.

இனி கோடெக்ஸ். தாள்களை மடித்து, மடிப்பில் தைத்து, இரு பக்கமும் எழுதுவது. இன்றைய புத்தகத்தின் மூதாதை. கணக்குக் குறிப்புகளுக்கும் மாணவர் ஏடுகளுக்கும் ரோமர்கள் இதை வைத்திருந்தார்கள். இலக்கியத்துக்குச் சுருள்தான் மரியாதை. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க இலக்கியப் படிகளில் கோடெக்ஸ் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. அதே நூற்றாண்டின் கிறிஸ்தவ வேதப் படிகளோ ஏறக்குறைய எல்லாமே கோடெக்ஸ். மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள பாப்பிரஸ் 52 வெறும் 8.9 x 6 சென்டிமீட்டர் துண்டு. அதன் ஒரு பக்கத்தில் யோவான் 18:31-33, மறுபக்கத்தில் 37-38. இரு பக்கத்திலும் தொடர்ந்து ஓடும் எழுத்து இருப்பதால்தான் அது சுருளிலிருந்து வந்ததல்ல என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஏன் கோடெக்ஸ்? சிக்கனம் என்பது முதலில் தோன்றும் விடை. இரு பக்கமும் எழுதுவதால் பாப்பிரஸில் கிட்டத்தட்ட பாதி மிச்சம். ஆனால் எழுத்தர் கூலி குறையாது. அதனால் மொத்தச் செலவில் மிச்சம் கால் பங்கு அளவுதான் என்று கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த டி. சி. ஸ்கீட் கணக்கிட்டார். இந்த விடையை முழுதாக ஏற்கத் தயங்க வேண்டியிருக்கிறது. பணத்தை மிச்சம் பிடிக்கிறவர் எழுத்தைச் சிறிதாக்கி ஓரத்தைக் குறைப்பார். தொடக்ககாலக் கிறிஸ்தவ ஏடுகள் பலவற்றில் எழுத்து பெரிது, ஓரம் தாராளம். பயணத்துக்கு எடுத்துப் போவதும், பல நூல்களை ஒரே கட்டில் வைத்துக்கொள்வதும்தான் அவர்களை இழுத்திருக்க வேண்டும். நான்கு நற்செய்தியையும் நடபடிகளையும் ஒரே கட்டில் வைத்த பாப்பிரஸ் 45 மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 220க்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்டதாக இருந்த அதில் 30 ஏடுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சுருளில் இது நான்கைந்து தனித்தனிப் பொருள்.

கோடெக்ஸ் ஒரு வரம்பைத் தளர்த்தியது, வேறொன்றைக் கொண்டுவந்தது. அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்திருப்பது பாப்பிரஸ் 46. ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த பவுல் கடிதத் தொகுப்பு. எஞ்சிய 86 ஏடுகளில் 56 டப்ளினில், 30 மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இதைச் செய்த முறை: 52 பாப்பிரஸ் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தத்தையும் நடுவில் ஒரே மடிப்பாக மடித்து, நடுவே தைத்தது. 52 தாள், 104 ஏடு, 208 பக்கம். இத்தனை தாளை ஒன்றாக மடித்தால் நடுவில் இருப்பவை வெளியே பிதுங்கும். விளிம்பைச் சமமாக நறுக்க வேண்டும். நறுக்கினால் நடு ஏடுகளின் அகலம் வெளி ஏடுகளைவிடக் குறைந்துபோகும். எழுதும் இடமும் குறையும். மடிப்பின் முதுகில் விழும் இழுப்பும் அதிகம். வெளித்தாள்கள்தான் முதலில் கிழியும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை தாள் வேண்டும் என்பதை முதல் எழுத்தை எழுதும் முன்பே தீர்மானித்தாக வேண்டும் என்பது. நடுவில் ஒரு தாளைச் செருகினால், எழுதி முடித்த முதல் பாதிக்கு நடுவிலும் ஒரு வெற்று ஏடு வந்து நிற்கும். பாப்பிரஸ் 46இன் எழுத்தர் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார். தொடக்கத்தில் பக்கத்துக்கு 26 வரி அளவில் நிதானமாக எழுதிக்கொண்டு போகிறார். நடு மடிப்பைத் தாண்டிய பிறகு எஞ்சிய இடம் போதாது என்று தெரிந்திருக்கிறது. வரிகள் 28, 30 என ஏறிக் கடைசியில் 32ஐத் தொடுகின்றன. முன்னால் ஏழு ஏடுகள் தொலைந்ததால் அவற்றின் மறுபாதியான கடைசி ஏழு ஏடுகளும் இல்லை. 1 தெசலோனிக்கேயரோடு எழுத்து நின்றுபோகிறது. இல்லாத 14 பக்கங்களில் 2 தெசலோனிக்கேயருக்கு நான்கு பக்கம் போனால் மிச்சம் பத்து. 1, 2 தீமோத்தேயு, தீத்து, பிலேமோன் ஆகியவற்றுக்கு அதைப்போல இரு மடங்கு வேண்டும்.

இந்தப் பத்துப் பக்கத்தின் மேல்தான் பெரிய வாதமே நடக்கிறது. எழுத்தருக்குத் தீமோத்தேயு, தீத்து கடிதங்கள் தெரியாது, அல்லது அவர் அவற்றைப் பவுலின் தொகுப்பாக எண்ணவில்லை என்பது ஒரு தரப்பு. இடத்துக்காக அவர் இப்படி நெருக்குவதே அவற்றையும் சேர்க்க நினைத்ததால்தான், தேவைப்பட்டால் பின்னால் சில தாள்களை ஒட்டியிருப்பார் என்பது மறுதரப்பு. நெருக்கல் இரண்டாம் தரப்புக்குத்தான் வலு சேர்க்கிறது. 2 தெசலோனிக்கேயர் மட்டும் போதும் என்றால் இப்படி அவசரப்பட வேண்டியதில்லை. ஆனாலும் இதை வைத்து அந்தக் கடிதங்களின் வயதைத் தீர்ப்பது அதிகம். தாளை எண்ணுவதில் நடந்த ஒரு பிழையை இறையியல் சாட்சியமாக எடுத்துக்கொண்டு போனால் இப்படித்தான் முட்டி நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதுதான் சிறு சிறு மடிப்புக் கட்டுகளைத் தனித்தனியாகத் தைத்து, பிறகு ஒன்றாகக் கோக்கும் முறை. நான்கு தாள், எட்டு ஏடு, பதினாறு பக்கம் கொண்ட கட்டு பின்னாளில் வழக்கமானது. எத்தனை கட்டு வேண்டுமானாலும் சேர்க்கலாம், முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டாம்.

நூல்களின் வரிசையிலும் எழுத்தரின் அளவுகோல் தெரிகிறது. ரோமரில் தொடங்கி 2 தெசலோனிக்கேயர் வரை சபைகளுக்கு எழுதிய கடிதங்கள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கி வருகின்றன. பிறகு தனியாட்களுக்கு எழுதியவை, அவையும் அப்படியே. எழுதப்பட்ட காலத்துக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமில்லை. எபேசியர் கலாத்தியரைவிடச் சற்றே நீளம் என்பதால் பாப்பிரஸ் 46இல் அதுதான் முன்னால் நிற்கிறது. எபிரெயர் அங்கே ரோமருக்கு அடுத்து வருகிறது. நம் வேதாகமத்தில் பவுல் கடிதங்களுக்கெல்லாம் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. நீளத்தை அளப்பது எழுத்தருக்குப் பழகிய வேலை, கூலி எழுதிய வரிகளின் கணக்கில் என்பதால். ஒரு வரி என்பது ஹோமரின் ஓர் அடியளவு, ஏறத்தாழ 16 அசை. கி.பி. 301இல் டயோக்ளீஷியன் பேரரசர் வெளியிட்ட விலை ஆணையில் முதல்தர எழுத்துக்கு 100 வரிக்கு 25 தெனாரியு, இரண்டாம் தரத்துக்கு 20 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே ஆணையில் பண்ணைக் கூலிக்குச் சாப்பாட்டோடு நாளுக்கு 25. லூக்காவைச் சுமார் 2,800 வரி என்று பழைய பட்டியல்கள் கணக்கிடுகின்றன. ஆக ஒரே ஒரு நற்செய்திக்கு எழுத்துக்கூலி மட்டும் 700 தெனாரியு. ஒரு பண்ணையாளின் 28 நாள் கூலி. தாளும் தோலும் தனி.

முழு வேதாகமத்தையும் ஒரே கட்டில் கொண்டுவரத் தோல்தாள் தேவைப்பட்டது. கன்று, ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, முடியையும் சதையையும் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, மீண்டும் சுரண்டி எடுப்பது. செருப்புத் தோலைப்போல இதற்குப் பதனிடல் இல்லை. முடி இருந்த பக்கம் சற்றே மஞ்சள், மையை நன்றாகப் பிடிக்கும். சதைப்பக்கம் வெண்மை, அங்கே மை உதிரும். திறந்த இரு பக்கங்கள் ஒரே நிறமாக இருக்க, முடிப்பக்கத்துக்கு எதிரே முடிப்பக்கம் வரும்படி மடித்தார்கள். புகைக்கரியும் பிசினும் கலந்த பாப்பிரஸ் மை இதில் சரியாக நிற்காது. மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்த மை இறங்கிப் பிடிக்கும். அளவு தப்பினால் சில நூற்றாண்டில் தோலையே அரித்து எழுத்தின் வடிவத்தில் ஓட்டை போட்டுவிடும்.

நான்காம் நூற்றாண்டின் சினாயிட்டிகஸ் என்ற கிரேக்க வேதப் படி இதன் உச்சம். பக்கத்துக்கு நான்கு பத்தி, பத்திக்கு 48 வரி, வரிக்கு 13 எழுத்து அளவு. பக்கத்துக்கு ஏறத்தாழ 2,500 எழுத்து. பத்து மீட்டர் பிடித்த லூக்கா இங்கே 19 ஏட்டுக்குள் முடிகிறது. முழுமையாக இருந்தபோது 730 ஏடுகளுக்குக் குறையாமல் இருந்திருக்கும். பெரிய தாள் என்பதால் ஒரு விலங்குக்கு இரண்டு ஏடு கொண்ட ஒரு தாள் என்று வைத்தாலும் 365 விலங்குகள். இப்படிப்பட்ட செலவைத் தாங்குவது அரசுதான். கி.பி. 331ஐ ஒட்டி கான்ஸ்டண்டைன் பேரரசர் தோலில் எழுதிய 50 வேதப் படிகளைச் செய்து தரும்படி செசரியா ஆயர் யூசேபியுவுக்குக் கடிதம் எழுதினார்; எடுத்துவர இரண்டு அரசு வண்டிகளையும் ஒதுக்கினார். மற்றவர்களுக்கு இது எட்டாத பொருள். கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படிகள் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தும், 27 நூல்களும் முழுமையாக உள்ளவை அறுபது அளவில்தான். பெரும்பாலானோர் கையில் இருந்தது நான்கு நற்செய்திகள் மட்டும். வெளிப்படுத்தலுக்குப் படிகள் ஏறத்தாழ முந்நூறுதான்.

கட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதையும் கோடெக்ஸ் கேட்க வைத்தது. பெட்டிக்குள் ஒரு சுருள் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. தைத்த புத்தகத்தில் அது தெரியும். சினாயிட்டிகஸில் வெளிப்படுத்தலுக்குப் பின்னால், இன்றைய புதிய ஏற்பாட்டில் இல்லாத பர்னபாவின் கடிதமும் ஹெர்மாவின் மேய்ப்பனும் இருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டுப் படியான அலெக்ஸாண்ட்ரினஸில் கிளமெந்து கடிதங்கள். கி.பி. 367இல் அலெக்ஸாந்திரியா ஆயர் அத்தனாசியு தன் மடலில் 27 நூல்களையும் பட்டியலிட்ட பிறகும் இந்த நிலை. கோடெக்ஸ்தான் திருமறைத் தொகுப்பைத் தீர்மானித்தது என்று சிலர் எழுதுவது மிகை. பட்டியல்கள் சபைகளின் வாசிப்பிலிருந்து வந்தவை. புத்தகக் கட்டு அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாதபடி செய்தது, அவ்வளவுதான்.

படியெடுப்பில் நேரும் பிழைகளுக்கு வருவோம். எழுத்தர் மூலப்படியில் ஒரு துண்டைப் படிக்கிறார், மனதில் வைத்துக்கொள்கிறார், எழுதுகிறார், திரும்ப மூலத்தில் விட்ட இடத்தைத் தேடுகிறார். நான்கு கட்டத்திலும் தவறலாம். அதிகம் தவறுவது கடைசியில். சொற்களுக்கு இடையே இடைவெளியும் நிறுத்தக்குறியும் இல்லாத எழுத்து. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்துப் பதிப்பித்தவர்களின் பாடு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காம் நூற்றாண்டின் இன்னொரு கிரேக்க வேதப் படியான வாட்டிகானஸில் யோவான் 17:15. இயேசு சொல்வது: அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டவில்லை, அவர்களைத் தீயோனிடமிருந்து காக்கும்படியே வேண்டுகிறேன். கிரேக்கத்தில் 'அவர்களை', 'இலிருந்து' என்பதற்கான சொற்கள் 'அவுதூஸ் எக் தூ' என்று இரு இடத்திலும் ஒரே மாதிரி வருகின்றன. முதலாவதை எழுதிவிட்டுத் திரும்பிய கண் இரண்டாவதில் போய் உட்கார்ந்துவிட்டது. இடையில் இருந்தது போய்விட்டது. மிஞ்சிய வாக்கியம்: அவர்களைத் தீயோனிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டவில்லை. எந்த மதவாதியும் வேண்டுமென்றே இப்படி எழுத மாட்டான். இப்படி விடுபட்ட எழுத்துகள் ஒரு படியில் 13, 26, 39 என்று ஒரே எண்ணின் மடங்காக வந்துகொண்டிருந்தால், அந்த எழுத்தர் பார்த்து எழுதிய மூலத்தின் வரிக்கு 13 எழுத்து என்று ஊகிக்கலாம். தொலைந்துபோன மூலப்படியின் பத்தி அகலம் இப்படிக் கிடைக்கும்.

பத்தி அமைப்பே ஆளைக் கவிழ்த்ததும் உண்டு. லூக்கா 3இல் வரும் வம்ச வரலாறு, 'இன்னாரின் மகன் இன்னார்' என்று ஏறிக்கொண்டே போய், ஆதாம், தேவன் என்று முடிகிறது. 109 என்று எண்ணிடப்பட்ட 14ஆம் நூற்றாண்டுப் படியின் எழுத்தர் பார்த்து எழுதிய மூலத்தில் இது 28 வரி கொண்ட இரண்டு பத்திகளாக இருந்திருக்கிறது. அவர் முதல் பத்தியை மேலிருந்து கீழாக முடிக்காமல், இரண்டு பத்தியையும் குறுக்காகவே படித்துக்கொண்டு போய்விட்டார். ஏறக்குறைய எல்லோருக்கும் அப்பன் மாறிவிட்டான். தேவனே ஆராமின் மகனாகிவிட்டார். மனித குலத்தின் மூலம் பாரேஸ் என்று ஆகிவிட்டது.

அடுத்து ஒற்றைக் கோடு. கிறிஸ்தவ எழுத்தர்கள் தேவன், கர்த்தர், இயேசு, கிறிஸ்து போன்ற சொற்களை முதல், கடைசி எழுத்தை மட்டும் எழுதி மேலே கோடிடுவார்கள். இது இடத்தை மிச்சம் பிடிக்க வந்ததாகத் தெரியவில்லை, பக்தியின் அடையாளம். ஆனால் விளைவு வேறு. 'தேவன்' என்பதன் சுருக்கம் தீட்டா, சிக்மா. தீட்டா என்பது வட்டத்துக்குள் ஒரு குறுக்குக்கோடு. அந்தக் கோடும் மேற்கோடும் இல்லாவிட்டால் ஒமிக்ரான், சிக்மா; அதாவது 'எவர்' என்று பொருள்படும் 'ஹோஸ்'. 1 தீமோத்தேயு 3:16இல் பழைய படிகள் 'எவர் மாம்சத்தில் வெளிப்பட்டாரோ' என்கின்றன. சினாயிட்டிகஸில் முதலில் எழுதியது இதுதான். பின்னால் வந்த ஒரு கை அதைத் 'தேவன்' ஆக்கியிருக்கிறது. அலெக்ஸாண்ட்ரினஸில் வட்டத்துக்குள் தெரியும் கோடு எழுத்தரின் கோடா, மறுபக்கத்து எழுத்தின் கோடு தோலில் ஊடுருவித் தெரிவதா என்று நூறாண்டுகளுக்கு மேல் சண்டை நடந்தது. பழைய திருப்புதலில் 'தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்' என்று நாம் படிப்பது திருத்திய பாடம்.

ஓரமும் உள்ளே வரும். விட்ட சொல்லை எழுதவும், விளக்கம் எழுதவும் எழுத்தருக்கு இருந்தது ஒரே ஓரம். அடுத்து படியெடுப்பவர், ஓரத்தில் இருப்பது விடுபட்டதா, குறிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விட்டுவிட்டால் வேதத்தைக் குறைத்த பழி, அதனால் சேர்த்துவிடுவார். பெதஸ்தா குளத்தில் தூதன் இறங்கித் தண்ணீரைக் கலக்கும் யோவான் 5:4 பழைய படிகளில் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகளில் அந்த எண் காலியாகவோ அடைப்புக்குறிக்குள்ளோ நிற்பது அதனால்தான். 2 கொரிந்தியர் 8இல் ஒரு பிற்காலப் படி, 'பல பிரதிகளில் இப்படிக் காணப்படுகிறது' என்ற குறிப்பையே பவுல் சொன்னதாக உள்ளே சேர்த்திருக்கிறது. திருத்துகிறவர்கள் மீதான எரிச்சலும் ஓரத்தில் பதிவாகியிருக்கிறது. வாட்டிகானஸில் எபிரெயர் 1:3இல் ஒருவர் ஒரு சொல்லைத் திருத்த, பின்னால் வந்தவர் அதை அழித்துப் பழையதையே எழுதி, 'மடையனே, கயவனே, பழையதை விட்டுவை, மாற்றாதே' என்று பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் அதிகம் அடிபடுவது கடைசி ஏடு. அட்டை பிய்ந்தால் முதலில் போவது முதல் ஏடும் கடைசி ஏடும்தான். மாற்கு 16:8இல் பெண்கள் பயந்து ஓடுவதோடு வாட்டிகானஸும் சினாயிட்டிகஸும் நிறுத்துகின்றன. 9-20 அவற்றில் இல்லை. வாட்டிகானஸின் எழுத்தர் அதற்குப் பிறகு ஒரு முழுப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறார். புதிய ஏற்பாட்டுப் பகுதியில் அவர் அப்படி விட்டது அங்கே மட்டும்தான். சினாயிட்டிகஸில் அந்தத் தாளே மாற்றி எழுதியது. மாற்கின் கடைசிப் பத்திகளில் எழுத்தை அகல விட்டும், லூக்காவின் தொடக்கத்தில் நெருக்கியும் இடத்தை நிரவியிருக்கிறார்கள். மாற்கின் மூலமே கடைசி ஏட்டை இழந்ததா, அவர் முடித்ததே அங்கேதானா என்பதற்கு இந்தப் படிகளில் விடையில்லை. கடைசி ஏடு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஐயமற்ற உதாரணம் வேறு இடத்தில் உண்டு.

1516இல் பாசல் நகரில் அறிஞர் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சுக்குக் கொடுத்தபோது வெளிப்படுத்தலுக்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கிரேக்கப் படி. அதில் கடைசி ஏடு இல்லை. கடைசி ஆறு வசனங்களைக் காணோம். அச்சகம் காத்திருந்தது. லத்தீன் வேதாகமத்தைப் பார்த்து அவரே அந்த வசனங்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்தார். 22:19இல் கிரேக்கப் படிகளில் இருப்பது 'ஜீவவிருட்சம்'. லத்தீனில் மரத்துக்கு 'லிக்னோ', புத்தகத்துக்கு 'லிப்ரோ'. லத்தீன் எழுத்தர் யாரோ ஒன்றை மற்றொன்றாக எழுதியிருக்க, அதுவே எராஸ்மஸ் வழியாகக் கிரேக்க அச்சுக்குப் போய், அங்கிருந்து மொழிபெயர்ப்புகளுக்குப் போனது. பழைய திருப்புதலில் இன்றும் 'ஜீவபுஸ்தகம்' என்றே இருக்கிறது. தீர்க்கதரிசன புஸ்தகத்தின் வசனங்களிலிருந்து எதையாவது எடுத்துப்போடுகிறவனை எச்சரிக்கும் வசனம் அது.